செம்மண் மூட்டைமேல் உட்கார்ந்து வருபவர் யார்?

மேடவாக்கம் கூட்டுரோட்டில் காலை நேரத்தில் ஒரு கால்மணி நேரம் நின்று பாருங்கள். தாம்பரம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர், மாம்பாக்கம் என எல்லாப் பக்கமும் குட்டியானைகள் ஓடிக்கொண்டிருக்கும். செம்மண், தொழு உரம், கடப்பா கல், பத்தை பத்தையாக வெட்டி அடுக்கிய புல்தரை என எல்லாம் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தோட்டங்களுக்குப் போகின்றன. சுமையின் மேல் இரண்டு மூன்று பேர், பிடிமானமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. 2005இல் சந்தைக்கு வந்த டாடா ஏஸ், சுமார் முக்கால் டன் சுமக்கும் வண்டி. பின்தொட்டி ஏறத்தாழ ஏழு அடி நீளம், ஐந்து அடி அகலம், ஓரடி உயரம். ஆக 35 கன அடி. ஒரு கன அடி மண் சுமார் 40 கிலோ. விளிம்புவரை நிரப்பினால் 1,400 கிலோ! மழையில் நனைந்த மண் என்றால் இன்னும் கூடும். தொட்டியில் பாதியைத் தாண்டும்போதே வண்டி தன் அளவை மீறிவிடுகிறது. பிரேக் பிடிக்காத வண்டி கவிழும்போது முதலில் தூக்கி எறியப்படுபவர் மேலே இருப்பவர்.

அதிக பாரத்துக்குச் சட்டம் தண்டனை வைத்திருக்கிறது. 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். வண்டியின் அளவு பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. மனிதரின் அளவு? ஓர் ஆண் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. மொட்டைமாடித் தோட்டத்துக்கு ஈரமண் மூட்டை ஏற்றும் இடத்தில் அதை யார் எடை போட்டுப் பார்க்கிறார்கள்?

காப்பீட்டைப் பாருங்கள், இன்னும் வெட்கக்கேடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 147ஆவது பிரிவு 1994இல் திருத்தப்பட்டது. சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ வந்தால் பாதுகாப்பு உண்டு. வண்டிக்காரரின் ஊழியருக்கும் ஓரளவு உண்டு. மற்றபடி ஏறி வருபவர் 'இலவசப் பயணி'. அவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்பதுதான் 2002இன் ஆஷா ராணி வழக்கு முதல் நீதிமன்றங்கள் எடுத்துவரும் நிலை. தோட்டக் காண்ட்ராக்டர் ஏற்றிவிட்ட தொழிலாளி வண்டிக்காரரின் ஊழியர் அல்ல, சரக்கின் உரிமையாளரும் அல்ல. தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தை நாடலாம்தான். ஆனால் கையில் கூலி வாங்குகிறவர், தன் முதலாளி யார் என்பதை எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பார்?

"இது வர்க்கப் பிரச்சினை, இதில் சாதி எங்கே வந்தது?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. மண்ணைத் தொடும் உழைப்பு இழிவு என்பது எங்கிருந்து வந்தது? உழவைச் சான்றோர் பழிக்கும் தொழில் என்று மனுதர்மத்தின் பத்தாவது அத்தியாயமே சொல்கிறதே! மண்ணைச் சுமப்பவர் தாழ்ந்தவர், அதில் பூத்ததை ரசிப்பவர் உயர்ந்தவர் என்ற அந்தப் புத்திதான் இன்று 'பின்பக்க கேட்டில் வா', 'லிஃப்டில் ஏறாதே', 'இங்கே கழிவறை கிடையாது' என்று பேசுகிறது. நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட மக்கள், அவர்களில் பெரும்பகுதி தலித்துகள், மேடவாக்கத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். தங்களுடைய மண்ணை இழந்தவர்களுக்கு அடுத்தவர் தோட்டத்துக்கு மண் சுமக்கும் கூலிதான் மிச்சம். ஏழைகள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எந்த ஏழையின் உயிர் போனால் கேள்வி எழாது என்பதைச் சாதிதான் தீர்மானிக்கிறது.

தோழர்களே, உங்களில் பலர் அந்தக் குடியிருப்புகளில்தான் வசிக்கிறீர்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். வேலைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் அவர்களின் பெயரையும் கூலியையும் எழுத்தில் தரட்டும். தொழிலாளர்கள் இருக்கையில் அமர்ந்து வரட்டும். அதற்கான செலவு தோட்டக் கணக்கில் சேரட்டும். லிஃப்டும் கழிவறையும் அவர்களுக்குத் திறக்கட்டும். அரசிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சரக்கு வண்டியில் சுமை ஏற்றி இறக்கும் ஒவ்வொருவரையும், யார் கூலி கொடுத்தாலும், அந்த வண்டியின் கட்டாயக் காப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். இத்தனை நாள் அந்தச் செலவைத் தங்கள் முதுகெலும்பில் கட்டியவர்கள் யார் என்று திருப்பிக் கேளுங்கள்.