சேர்ந்து வாழ ஒரு வழக்கு

அடி தாங்காமல் தாய்வீடு வந்து மூன்று வருடமான தோழி ஒருவர் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டார். பதிலுக்குக் கணவர் ஒரு மனுப் போட்டிருக்கிறார். 'மனுதாரர் எதிர்மனுதாரரோடு சேர்ந்து வாழவே விரும்புகிறார்' என்ற வரியின் அடியில் நகத்தால் கீறி எங்களிடம் காட்டினார் தோழி. "வழக்கமா போடுறதுதாம்மா, ஜீவனாம்சத்த இழுக்கறதுக்கு" என்றார் வக்கீல் குமாஸ்தா.

சேர்ந்து வாழச் சொல்லித் தொடுக்கும் இந்த வழக்குக்குச் சாத்திரத்திலும் இடமில்லை, ஊர்ப் பஞ்சாயத்திலும் இடமில்லை. அறுத்துக் கட்டும் வழக்கமுள்ள சாதிகளில் பிடிக்காவிட்டால் தீர்த்துவிட்டுப் போவார்கள். இது இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. 1884இல் பம்பாயில் தாதாஜி பிகாஜி, 11 வயதில் தனக்குக் கட்டிவைக்கப்பட்டு, ஒருநாளும் தன் வீட்டுக்கு வாழ வராத ருக்மாபாய் மீது இதைத் தொடுத்தார். மறுவருடம் நீதிபதி பின்ஹே தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. ஒரு மாதத்துக்குள் கணவன் வீட்டுக்குப் போகாவிட்டால் ஆறு மாதம் சிறை என்றது 1887ஆம் வருடத் தீர்ப்பு. சிறைக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். கடைசியில் 2000 ரூபாய் வாங்கிக்கொண்டு விலகினார் தாதாஜி. ருக்மாபாய் லண்டன் போய்ப் படித்து மருத்துவராகத் திரும்பினார். இத்தகைய தீர்ப்பை மீறினால் சிறை என்பதை இங்கிலாந்து தன் பெண்களுக்கு அதே 1884இல்தான் நீக்கியிருந்தது!

1970இல் இந்த வகை வழக்கையே இங்கிலாந்தில் ஒழித்தார்கள். நாமோ 1955இன் இந்துத் திருமணச் சட்டத்தில் 9ஆம் பிரிவாக வைத்துக் காப்பாற்றுகிறோம். நடிகை சரிதாவின் வழக்கில் 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம், ஒரு பெண்ணின் உடல்மீது அரசுக்கு என்ன அதிகாரம் என்று கேட்டு அப்பிரிவைச் செல்லாதென்றது. அடுத்த வருடமே சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது. குடும்பம் உடையாமல் காக்கும் பிரிவாம். அந்த வழக்கில் சேர்ந்து வாழக் கேட்டவர் மனைவி. சம்மதித்துத் தீர்ப்பு வாங்கவிட்ட கணவர், ஒரு வருடம் கழித்து, சேரவில்லை என்று அதே தீர்ப்பைக் காட்டி விவாகரத்து வாங்கிவிட்டார்.

இப்படியொரு தீர்ப்புக்கு மனைவி கீழ்ப்படியவில்லை என்பதற்காக மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதன் ஜெராக்ஸ் தோழியின் வழக்குக் கட்டில் இருக்கிறது. சேர்ந்து வாழத் துடிக்கும் கணவர்தான் நான்கு வாய்தாவாக நீதிமன்றத்துக்கு வரவில்லை.