லயத்து வாசலுக்கு வரட்டும் சலுகை

மாதம் 69 வெள்ளிக்கு வீட்டு இணையம். குறைந்த வருமானம் பெறும் பி40 குடும்பங்கள், மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்காக 2023-இல் மலேசிய அரசு அறிவித்த ஒற்றுமைத் தொகுப்பு அது. வேகம் 30 எம்பிபிஎஸ்; பள்ளிப் பாடத்துக்குத் தாராளம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் எத்தனை வீடுகளுக்கு இந்தச் செய்தி எட்டியது?

சலுகையை இணையத்தில் விளம்பரப்படுத்தினால் இணையமே இல்லாதவருக்கு அது எப்படித் தெரியும்? பள்ளத்து லயங்களில் கைப்பேசியை ஜன்னலோரம் வைத்தால்தான் சிக்னல் ஒரு கோடாவது தெரியும். ஐந்தும் பத்துமாக டாப்-அப் போட்டே மாதம் ஓடுகிறது. 2021 இறுதியில் 3ஜி சேவை மூடப்பட்டதும் பழைய கைப்பேசிகள் பேச மட்டுமே உதவின.

தெரிந்தாலும் சிக்கல் தீராது. தோட்டம் தனியார் நிலம். கம்பி இழுக்க நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். நாற்பது வீட்டுக்காக மலையேற நிறுவனங்களுக்கும் மனம் வருவதில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் தண்ணீரையும் மின்சாரத்தையும் முதலாளியின் பொறுப்பாக்கியது. இணையத்தையும் அந்த வரிசையில் சேர்க்கும் காலம் வந்துவிட்டது.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். தொடர்பு பல்லூடக ஆணையமும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் சம்பள நாளில் தோட்ட அலுவலக வாசலில் ஒரு மேசை போடட்டும். தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் உட்கார்ந்து, மைகார்டைப் பார்த்து, ஒப்பந்தக் காலத்தையும் கட்டணத்தையும் ஒளிக்காமல் விளக்கி, அங்கேயே பதிந்து தரட்டும். தோட்ட நிர்வாகங்கள் கம்பிக்கு வழிவிட வேண்டும்.