தயங்கியவர்கள் மூடர்களா?

2021ஆம் ஆண்டில் இலக்கிய நண்பர்களின் உரையாடல்களில் ஒரு வாக்கியம் சலிப்போடு உதிர்ந்துகொண்டே இருந்தது: "இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது." கொரோனா தடுப்பூசிக்குத் தயங்கிய கூலித் தொழிலாளியையும் கிராமத்து மூதாட்டியையும் பற்றிய தீர்ப்பு அது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை யாரும் மறுவிசாரணைக்கு எடுத்ததாகத் தெரியவில்லை. அது பிழையான தீர்ப்பு என்பது என் கட்சி.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். தடுப்பூசி எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. இரண்டு தவணையும் போட்டுக்கொண்டவன் நான். என் வழக்கு ஊசியோடு அல்ல. ஊசியை நீட்டியவர்கள் பேசிய, பேசத் தவறிய சொற்களோடு.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2021 ஜனவரி 3 அன்று கோவாக்சினுக்கு அவசரகால அனுமதி வழங்கப்பட்டது. மூன்றாம் கட்டப் பரிசோதனையில் அதன் செயல்திறன் குறித்த முடிவு எதுவும் அப்போது வெளியாகியிருக்கவில்லை. ஜனவரி 16 அன்று ஊசி போடத் தொடங்கினார்கள். கோவாக்சின் போட்டுக்கொள்பவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. இடைக்கால முடிவு வந்ததோ மார்ச் 3 அன்று. இடைப்பட்ட வாரங்களில் தயங்கியவர்கள் யார்? முதல் வரிசையில் நிறுத்தப்பட்டிருந்த மருத்துவர்களும் செவிலியர்களும்தான். "முடிவு எங்கே?" என்று அவர்கள் கேட்டது அறிவியலின் கேள்வி. அதே கேள்வியை ஒரு விவசாயி தன் மொழியில், "இது நெசமாவே வேலை செய்யுமா?" என்று கேட்டால் மட்டும் அது எப்படி மூடத்தனமாகிவிடுகிறது?

அடுத்து ஏப்ரல். நடிகர் விவேக் 15ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டார். மற்றவர்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். இதயத்தின் இரத்தக்குழாயில் இருந்த அடைப்பே காரணம் என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்ற தேசியக் குழுவின் முடிவு அக்டோபரில்தான் வெளியே வந்தது. வதந்திக்கு ஆறு மணி நேரம் போதும். அதிகாரபூர்வ உண்மைக்கு ஆறு மாதம் வேண்டியிருந்தது. இந்த இடைவெளியை அச்சம் நிரப்பியதற்கு மக்களையா குற்றம் சொல்வது?

இந்த நோய் பழையது. இந்தியாவில் முதல் அம்மைத் தடுப்பு 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒருத்திக்குப் போடப்பட்டது. அம்மையை மாரியாகக் கண்ட சமூகம் தயங்கியபோது, சென்னையில் ஒருவர் ஓர் உபாயம் செய்தார். அவர் வேறு யாருமல்லர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த, நாம் எல்லீசன் என்று அன்போடு அழைக்கும் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். பசு அம்மையை தெய்வம் தந்த கொடையாகக் காட்டும் ஒரு கதையைப் பழஞ்சாஸ்திரத்தின் சாயலில் புனைந்தார். நோக்கம் நல்லதுதான். ஆனால் அதன் அடியில் இருந்த எண்ணம் என்ன? இவர்களிடம் காரணத்தைச் சொல்லிப் பயனில்லை, கதை சொல்லித்தான் ஏற்கச் செய்ய வேண்டும் என்பதுதானே! அன்றைய தயக்கத்திலோ காரணம் இருந்தது. ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்திலிருந்து நீரெடுத்து இன்னொரு குழந்தையின் கையில் ஏற்றும் முறையில் வேறு நோய்களும் தொற்ற இடமிருந்தது. பின்னாளில் கன்றின் கொப்புளத்திலிருந்து மருந்து எடுக்கும் முறைக்கு மருத்துவமே மாறிக்கொண்டது.

எல்லீசனின் மனோபாவம் இன்னும் சாகவில்லை. ஆக்ஸ்போர்டு தடுப்பூசியால் மிக அரிதாக இரத்தம் உறையும் பாதிப்பு நேரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரல் 7 அன்றே அறிவித்தது. அதன் இந்திய வடிவமே கோவிஷீல்டு. பத்து லட்சம் தவணைக்கு ஒன்றுக்கும் குறைவாகவே இங்கே அது பதிவாகியிருக்கிறது என்று மத்திய அரசும் மே மாதம் சொன்னது. யாரிடம் சொன்னது? தில்லியிலிருந்து வந்த ஓர் அறிக்கையில் சொன்னது. ஊசி போடும் இடத்தில், எளிய தமிழில், எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லப்பட்டது? அதனால்தான் 2024இல் லண்டன் நீதிமன்ற வழக்கில் அந்நிறுவனம் இதை ஒப்புக்கொண்ட செய்தி வந்ததும், மறைத்த இரகசியம் அம்பலமானதுபோல் ஊரே பதறியது. மூன்றாண்டுக்கு முன் ஒரு நிமிடம் செலவழித்துச் சொல்லியிருந்தால் அது பழைய செய்தியாகியிருக்கும்.

மறுபக்கத்தையும் விட்டுவைக்க முடியாது. உடல், அதிகாரம், கண்காணிப்பு என்று பிரெஞ்சுத் தத்துவத்தை மேற்கோள் காட்டி ஊசியை மறுக்கச் சொன்ன அறிவுஜீவிகளும் நம்மிடையே உண்டு. ஐயம் வேறு, பொய் வேறு. 2017இல் தட்டம்மை–ரூபெல்லா ஊசியைப் பற்றி வாட்ஸப்பில் பரவியவை கேள்விகளல்ல, அப்பட்டமான பொய்கள். கேள்வி பதிலுக்காகக் காத்திருக்கும். பொய்க்குப் பதில் தேவையில்லை. இந்த வேறுபாட்டை அழிப்பவர், எதிர்ப்பவராயினும் ஏளனம் செய்பவராயினும், ஒரே வேலையைத்தான் செய்கிறார்.

"திருத்த முடியாத" அந்த ஜனங்கள் பிறகு என்ன செய்தார்கள்? இரண்டாம் அலைக்குப் பின் தடுப்பூசித் தட்டுப்பாட்டில் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று, ஊசியின்றித் திரும்பினார்கள். 2021 செப்டம்பர் 12 அன்று தமிழகம் முழுவதும் சிறப்பு முகாம்கள் நடந்தபோது 20 லட்சம் பேர் என்பது இலக்கு. வந்தவர்களோ 28 லட்சத்துக்கும் மேல். அலையின் அச்சமும் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஊசி அவர்களது தெருவுக்கு வந்தது. தெரிந்த முகமான கிராம சுகாதாரச் செவிலியர் வாசலில் நின்று, "ரெண்டு நாள் காய்ச்சல் இருக்கும், பயப்படாதீங்க" என்றார். வரப்போகும் காய்ச்சலை முன்கூட்டியே சொன்னவரை அவர்கள் நம்பினார்கள்.

இன்னொரு கொள்ளைநோய் வரத்தான் போகிறது. அன்றும் மருந்து வருமுன் வதந்தி வரும். அப்போது நம் வாயிலிருந்து மறுபடியும் அதே சலிப்பு வாக்கியம் வருமென்றால், திருத்தப்பட வேண்டியவர்கள் ஜனங்களல்லர்.