சுண்ணாம்பின் மேல் பழி போடாதீர்கள்

பழைய வீட்டைப் புதுப்பித்துச் சுண்ணாம்புப் பூச்சு போட்டவர்கள் சிலர், சில மாதங்களிலேயே சுவரில் அம்மை போட்டது போல் கொப்புளம் கிளம்புகிறது என்று குறைப்படுகிறார்கள். உடனே கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசுகிறார்கள். அந்தக் காலத்துச் செங்கல் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கல் அரிக்கும். என் கருத்தில், குற்றம் சுண்ணாம்பின் மேல் இல்லை. சூளைச் சூட்டின் மேலும் நம் அவசரத்தின் மேலும்தான்.

சுண்ணாம்புக் கல்லோ கிளிஞ்சலோ, சுமார் 900 டிகிரி செல்சியஸில் கரியமில வாயுவை விட்டுவிடும். சுத்தமான கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோதான் மிஞ்சும். வாயு போன இடமெல்லாம் நுண்ணிய துளைகள். தண்ணீர் அவற்றின் வழியே புகுந்ததும் கல் சீறிப் பொங்கி மாவாகிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்புப் பானை கொதித்ததைப் பார்த்த தலைமுறைதானே நாம்!

சூடு அளவுக்கு மிஞ்சினாலோ நெடுநேரம் நீடித்தாலோ, நுண்படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன, துளைகள் அடைபடுகின்றன. பொருள் அதே கால்சியம் ஆக்சைடுதான். எத்தனை சதவீதம் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் தண்ணீர் தொடுவதற்கு மேற்பரப்பு குறைந்துவிட்டதால், அது மந்தமாகத்தான் நீறும். தொட்டியில் நீறாத துணுக்கு பூச்சோடு சுவருக்குப் போய், ஈரத்தை மெல்ல வாங்கி அங்கே உப்பும். மேலுள்ள பூச்சைத் தள்ளும். கொப்புளம் அதுதான்.

மக்னீசியாவும் இப்படித்தான். மிதமாகச் சுட்டது வயிற்றுப் புளிப்புக்கு மருந்து. 1500 டிகிரிக்கு மேல் சுட்டது எஃகு உலைக்குள் பதிக்கும் செங்கல்.

ஆகவே, சுத்தமான சுண்ணாம்பா என்று மட்டும் கேட்காதீர்கள். கொத்தனாரை விட்டு ஒரு கட்டியைத் தண்ணீரில் போடச் சொல்லி, எட்ட நின்று பாருங்கள். கண்ணில் தெறித்தால் ஆபத்து. நல்ல சுண்ணாம்பு சில நிமிடத்தில் பொங்கும். நீறியதைச் சல்லடையில் வடித்து, மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் ஊறவிட வேண்டும். மூன்று ஆண்டு ஆகாத சுண்ணாம்பை ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக் கூடாது என்று பழைய ரோமானிய விதி இருந்ததாக பிளினி எழுதியிருக்கிறார்.

நாமோ கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டுத்தான் சுண்ணாம்பே வாங்குகிறோம். பூச்சு எப்போது முடியும் என்று கேட்கும் முன், சுண்ணாம்பை எப்போது ஊறப்போட்டீர்கள் என்று கேளுங்கள்.