பழைய ஸ்கேன் படத்தைத் தூக்கிப் போடாதீங்க! கதிர்வீச்சைக் குறைக்கும் எளிய வழி

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில், பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் ஒருவருக்கு இருமல் விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் டாக்டர் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். இருமல் நிற்கவில்லை. சிவகாசியில் வேறு டாக்டர் சிடி ஸ்கேன் எழுதுகிறார். அடுத்த வாரம் மதுரைக்குப் போனால், "பழைய படம் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்கிறார்கள். "வீட்ல எங்கயோ கெடக்கு சார்" என்கிறார் அவர். உடனே இன்னொரு சிடி.

இரண்டாவது சிடியால் பணம் மட்டுமா வீண்?

எவ்வளவு கதிர்வீச்சு?

ஒரு மார்பு எக்ஸ்ரேயில் உடலுக்குக் கிடைப்பது சுமார் 0.1 மில்லிசீவர்ட். மார்பு சிடியில் 6 முதல் 7 வரை. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக ஒருவருக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு, உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். அதாவது ஒரு மார்பு சிடி, இரண்டு மூன்று வருட இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்களில் இந்தக் கதிர்வீச்சு கிடையாது.

அப்படியானால் சிடியே வேண்டாமா?

அப்படி இல்லை. ஒரு சிடியால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. வெடிவிபத்திலோ சாலை விபத்திலோ தலையில் அடிபட்டவருக்கு ஸ்கேன் எடுக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. நோய் மாறியிருந்தால் மறுபடி எடுக்கத்தான் வேண்டும். பழைய படம் கையில் இல்லை என்பதற்காக மட்டும் எடுப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு சிவகாசிக்காரர்களுக்குப் புதுசல்ல. பட்டாசு ஆலையில் ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, தேவைக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது. மருந்து இல்லாமல் பட்டாசு இல்லை. ஆனால் அளவு மீறக் கூடாது. கதிர்வீச்சும் அப்படித்தான்.

யார் பொறுப்பு?

நோயாளி படத்தையும் சிடியையும் ஒரு பையில் பத்திரமாக வைக்கலாம். "அல்ட்ராசவுண்டிலேயே தெரியுமா டாக்டர்?" என்று கேட்கலாம். கர்ப்பமாக இருந்தாலோ, அப்படிச் சந்தேகம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்குப் பாதிப்பு அதிகம் என்பதால், அவர்கள் உடலுக்கேற்ப அளவைக் குறைக்கச் சொல்லலாம்.

ஆனால் எல்லாவற்றையும் நோயாளி தலையில் கட்டுவது நியாயமில்லை. எக்ஸ்ரே, சிடி கருவிகளை இயக்க, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி தேவை. கருவி சரியாக இருப்பதை அது பார்த்துக்கொள்ளும். ஒரே படம் இரண்டு முறை எடுக்கப்படுவதை யார் பார்ப்பது? சிடி கருவி ஒவ்வொரு முறையும் கதிர்வீச்சு அளவைத் தானே பதிவு செய்கிறது. அதை ரிப்போர்ட்டில் ஒரு வரியாக எழுதி, படங்களையும் கேட்காமலே கையில் கொடுப்பதை ஸ்கேன் மையங்கள் வழக்கமாக்க வேண்டும். அடுத்த டாக்டரும் புதுசாக எழுதும் முன் அந்தப் பையைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு பஸ் ஏறும் தொழிலாளிக்கு, அந்த ஒரு பை பணத்தையும் மிச்சமாக்கும், உடம்பையும் காக்கும்.