இயன் மருத்துவருக்குக் கலாநிதிப் பட்டம்: மலையகத்துக்கு என்ன பயன்?

உடைந்த கை பொருந்திய பின் அதை மடக்கி நீட்டப் பழக்குபவர், பாரிசவாதத்தில் விழுந்தவரை மீண்டும் நடக்க வைப்பவர், கழுத்து, முதுகு, முழங்கால் வலிகளுக்குப் பயிற்சியாலும் கைச்சிகிச்சையாலும் பரிகாரம் காண்பவர் இயன் மருத்துவர். 'பிசியோதெரபிஸ்ட்' என்றால்தான் நம்மிற் பலருக்கு விளங்கும். தொழிலில் இருந்துகொண்டே இவர்கள் கலாநிதிப் பட்டம் வரை உயர வேண்டுமா என்ற கேள்வி இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. இது கொழும்பாரின் விவகாரம் என்று பதுளை மாவட்டத் தோட்ட மக்கள் ஒதுங்கிவிடலாகாது.

அமெரிக்காவில் கிரைட்டன் பல்கலைக்கழகம் 1993இல் இத்துறைக்கு வருவோருக்கே சிகிச்சைக் கலாநிதிப் பட்டக் கல்வியைத் தொடங்கியது. 2016 முதல் அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற எல்லாக் கற்கைநெறிகளும் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டன. முன்பு குறைந்த பட்டத்துடன் தொழிலில் சேர்ந்தவர்களுக்கும் வழி விடப்பட்டது. வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படித்து அவர்களும் அப்பட்டத்தைப் பெறலாம். இது ஆய்வேடு எழுதிப் பெறும் கலாநிதிப் பட்டத்திலிருந்து வேறானது. நோயாளியைப் பரிசோதித்து, நோயின் தன்மையைப் பகுத்தறிந்து, தானே தீர்மானம் எடுக்கும் திறனை வளர்ப்பதே இதன் நோக்கம்.

நமது நாட்டில் நெடுங்காலமாக டிப்ளோமாவே இத்தொழிலுக்கு வாயிலாக இருந்தது. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து பேராதனை, கொழும்புப் பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டப்படிப்பை நடத்துகின்றன. அதற்கும் மேலே ஏற விரும்புவோரிற் பலர் வெளிநாட்டையே நோக்குகின்றனர்.

இந்தியாவில் இவ்விடயம் பெயருக்கு முன்னால் 'டொக்டர்' போடலாமா என்ற சண்டையாகவே மாறிற்று. 2025 செப்டெம்பர் 9ஆம் திகதி மத்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகம் அதைப் போடலாகாது என்று கடிதம் எழுதி, மறுநாளே அக்கடிதத்தை மீளப் பெற்றது. தோட்டத்து மக்களுக்கு இச்சண்டை வேடிக்கையாகத் தோன்றும். மருத்துவப் பட்டம் பெறாத தோட்ட வைத்திய உதவியாளரைத் தலைமுறைகளாக 'டொக்டர் ஐயா' என்று அழைத்தவர்கள் நாம். அழைக்கும் பெயரால் எவருடைய முதுகுவலியும் தீர்ந்ததில்லை.

ஆனால் அப்பெயருக்குப் பின்னாலுள்ள அறிவு நமக்குத் தேவை. தலையில் கயிறு மாட்டிக் கொழுந்தைச் சுமந்து, சரிவிலே நாள் முழுதும் ஏறி இறங்கும் பெண்ணுக்கு இடுப்பு வலி வருகிறது. பெரும்பாலும் அது தசையும் மூட்டும் களைத்த வலி. தக்க பயிற்சியால் குறையும். ஆயினும் வலியோடு கால் மரத்துப் பலமிழந்தால், சிறுநீர் கட்டுப்படாமற் போனால், உடனே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். இரவில் வலி கூடி, காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால் முள்ளந்தண்டுக் காசநோயாகவும் இருக்கலாம். முதலில் பார்ப்பவர் இவற்றைப் பிரித்தறிய வேண்டும். நிபுணர் அடுத்த அறையில் இருக்கும் நகரத்தை விட, அவர் பல மைல் தொலைவில் இருக்கும் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் இந்த அறிவின் பெறுமதி அதிகம். பதுளைக்குப் பஸ் ஏறினால் அன்றைய பேர் போய்விடுமே என்று வலியைப் பொறுத்துக்கொள்ளும் தொழிலாளிக்கு முதற் சந்திப்பிலேயே சரியான வழி கிடைக்க வேண்டும்.

உலகில் மூவரில் ஒருவருக்கு, அதாவது ஏறத்தாழ 240 கோடிப் பேருக்கு, புனர்வாழ்வுச் சிகிச்சை பயன் தரக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நமது மலைகளிலும் அவர்கள் இருக்கின்றனர். 2014இல் மீரியபெத்தை மண்சரிவும் 2021இல் பசறை பஸ் விபத்தும் நடந்தபோது இறந்தோரை எண்ணினோம். காயப்பட்டு உயிர் தப்பியோர் பின்னர் எப்படி எழுந்து நடந்தனர் என்று எத்தனை பேர் கேட்டோம்?

பட்டம் உயர்ந்தால் ஆள் நாட்டை விட்டே போய்விடுவார் என்று சிலர் அஞ்சுகின்றனர். அது நியாயமான அச்சமே. அமெரிக்காவிலும் நீண்ட படிப்பு பலரைப் பெருங்கடனில் தள்ளியது என்ற முறைப்பாடு உண்டு. ஆகையால் ஏணியை அகற்றுவதை விட, அதை எங்கே ஊன்றுவது என்று யோசிப்பதே மேல். பகுதிநேரப் படிப்பை மாதிரியாகக் கொள்ளலாம். சேவையில் இருப்பவர் சம்பளத்தோடு படிக்கட்டும். அவரது செயன்முறைப் பயிற்சியின் ஒரு பகுதி பதுளை, தியத்தலாவை வைத்தியசாலைகளிலும் தோட்டங்களிலும் நடக்கட்டும். படித்து முடித்தபின் குறித்த காலம் ஊவாவில் பணி செய்யட்டும். உவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. இதுபற்றி அங்கும் பேச வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வலி எப்படிப்பட்டது, குத்துகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா என்பதை நோயாளி தன் தாய்மொழியில்தான் சரியாகச் சொல்வார். அதைக் கேட்டு விளங்கும் இயன் மருத்துவர்கள் நம்மிடையே இருந்தும் உருவாக வேண்டும். அதற்கு க.பொ.த. உயர்தர உயிரியல் பிரிவு நமது பாடசாலைகளில் ஆசிரியரோடும் ஆய்வுகூடத்தோடும் இருக்க வேண்டும். ஏணியின் உச்சிப்படி கலாநிதிப் பட்டமென்றால், அடிப்படி நமது பிள்ளையின் விஞ்ஞான வகுப்பு. அந்த வகுப்பைக் கேட்டுப் பெறுவது பெற்றோரும் தோட்ட அமைப்புகளும் இன்றே தொடங்கக்கூடிய வேலை.