கோல் போடாதவன் தண்டமா?

லாக்ராஸ் தெரியுமோ? வலை கட்டின குச்சியால் பந்தைப் பிடித்து, வீசி, கோல் போடும் ஆட்டம். அமெரிக்கக் கல்லூரிகளில் சக்கைப்போடு போடுகிறது. ஆண்கள் அணியில் பத்து பேர். முன்னால் மூவர், பின்னால் மூவர், ஒரு கோல்கீப்பர். மைதானம் முழுக்க ஓடுவது நடுவில் நிற்கும் மூவர்தான். நுரை தள்ளிவிடும். அதனால் ஆட்டம் நடக்கும்போதே செட் செட்டாக ஆள் மாறுவார்கள்.

அணி தோற்றால் போச்சு! 'நடுக்களத்தில் சரக்கே இல்லைப்பா' என்று ரசிக சிகாமணிகள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆதாரம்? கோல் கணக்கு. ரெண்டாவது செட் பையன்கள் கோல் போடவில்லையாம், தண்டமாம்.

நான் காமர்ஸ் படித்தவன். வரவை மட்டும் காட்டும் கணக்கை எந்த ஆடிட்டரும் ஏற்க மாட்டார். 80 விநாடிக்குள் ஷாட் அடித்தாக வேண்டும் என்பது 2019-லிருந்து விதி. தடுக்கவென்றே இறங்குகிற பையன், எதிராளியை ஓரங்கட்டியே அந்த நேரத்தைக் கரைக்கிறான். அவன் பெயருக்கு நேரே கோல் பூஜ்யம்! ரெண்டாவது செட் ஓடுவதால்தான் முதல் செட்டுக்குக் கடைசி கால்பகுதியில் காலில் தெம்பு மிச்சம். அதை யார் எழுதினார்கள்?

இன்னொன்று. 2024-25 வரை முதல் டிவிஷன் அணிக்கு அதிகபட்சம் 12.6 ஸ்காலர்ஷிப்தான். நாற்பது பேர் இருந்தாலும் அதையேதான் கூறு போட வேண்டும். பலர் கைக்காசு கட்டிப் படித்துக்கொண்டே ஓடிய பிள்ளைகள்.

வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரே ஒரு மேட்ச், பந்தை விட்டுவிட்டு அவன் காலைப் பாருங்கள் சாமி!